பேரேடும் வட்டியும்: பட்டப் படிப்பில் கணக்கியலும் நிதியியலும்

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளிகளில் வணிகவியல் பிரிவை எடுத்துப் படிக்கும் மாணவர் இரண்டு ஆண்டுகள் கணக்குப்பதிவியலைத் தனிப்பாடமாகவே பயில்கிறார்; குறிப்பேட்டுப் பதிவு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்குகள் ஆகியவற்றில் அவருக்குக் கை பழகியிருக்கும். நிதியியல் என்று ஒரு பாடம் அவருக்கு இருந்ததில்லை. வணிகவியல் பாடநூலில் மூலதனச் சந்தை, பணச் சந்தை பற்றி வரும் சில அத்தியாயங்களோடு அந்த அறிமுகம் நின்றுவிடுகிறது. ஆகவே கல்லூரி விண்ணப்பத்தில் பொது பி.காம்., பி.காம். கணக்கியலும் நிதியும், வங்கி மேலாண்மை, கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், பி.பி.ஏ. என்று வரிசையாக நிற்கும் பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, தமக்கு நன்கு தெரிந்து ஓரளவு சலித்தும்போன ஒன்றையும், கேள்விப்பட்டு மட்டுமே இருப்பதால் கவர்ச்சி குறையாத மற்றொன்றையும் அவர் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறார். இந்த ஒப்பீட்டில் தொடக்கத்திலேயே ஒரு சாய்வு இருக்கிறது. ஏனெனில் பள்ளியில் அவர் படித்தது கணக்குப்பதிவு. கணக்கியலின் வாசற்படி அது.

பெயர்களை முதலில் பிரித்துக்கொள்வது நலம். நடந்து முடிந்த ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் அதற்குரிய ஏட்டில் பற்றும் வரவுமாக எழுதுவது கணக்குப்பதிவு. எழுதியவற்றை எந்த விதியின்படி அளப்பது, எந்த ஆண்டின் வருமானத்தில் சேர்ப்பது, எதைச் செலவாகவும் எதைச் சொத்தாகவும் கொள்வது, அதை யாருக்கு எந்த வடிவில் அறிக்கையாகக் கொடுப்பது, கொடுத்த அறிக்கை மெய்தானா என்று மூன்றாம் மனிதர் எப்படிச் சரிபார்ப்பது என்னும் கேள்விகள் எல்லாம் கணக்கியலைச் சேர்ந்தவை. அடக்கவிலைக் கணக்கியல், தணிக்கை, வரி ஆகியன அதன் கிளைகள். நிதியியல், பணத்தை எங்கிருந்து திரட்டுவது, எதில் போடுவது, இன்று கையில் இருக்கும் நூறு ரூபாயும் ஐந்து ஆண்டு கழித்து வரக்கூடும் என்று நம்பப்படும் நூறு ரூபாயும் எந்த அளவில் வேறுபட்டவை என்பவற்றை ஆராய்வது. நிறுவன நிதி, முதலீடு, நிதிச் சந்தைகளும் நிறுவனங்களும் என்று அது மூன்றாகக் கிளைக்கிறது.

இந்த வேறுபாடு வரையறையில் விளங்குவதைவிட ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாக விளங்கும். திருப்பூரில் ஒரு பின்னலாடைப் பங்குதாரர் நிறுவனம், இதுவரை வெளியில் ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துவந்த பின்னல் வேலையை உள்ளேயே செய்துகொள்ள 40,00,000 ரூபாய்க்கு ஒரு வட்டப் பின்னல் எந்திரம் வாங்க எண்ணுகிறது என்று கொள்ளலாம். எந்திரம் ஐந்து ஆண்டு உழைக்கும், அதன்பின் அதற்கு விலை இராது, கூலியும் மின்கட்டணமும் போக ஆண்டுக்கு 10,00,000 ரூபாய் மிச்சமாகும், வாங்கும் பணம் பங்குதாரர்களின் சொந்தப் பணம் என்பவை அனுமானங்கள். கணக்கியல் இதை நேர்கோட்டுத் தேய்மான முறையில் எழுதினால், அதாவது எந்திரத்தின் விலையை அது உழைக்கும் ஆண்டுகளுக்குச் சமமாகப் பங்கிட்டால், ஆண்டுக்கு 8,00,000 ரூபாய் தேய்மானம் போக 2,00,000 ரூபாய் இலாபம் நிற்கும். ஐந்து ஆண்டும் இலாபம்; கூட்டினால் 10,00,000 ரூபாய். இருப்புநிலைக் குறிப்பும் இலாப நட்டக் கணக்கும் குறையின்றிச் சமன்படும், தணிக்கையாளரும் கையொப்பமிடுவார்.

நிதியியல் படித்தவர் இதே எண்களை எடுத்துக்கொண்டு வேறு வழியில் போவார். அந்நிறுவனம் வேறொரு கணக்கில் வங்கிக்கு 12 விழுக்காடு வட்டி கட்டிக்கொண்டிருந்தால், எந்திரத்தில் முடங்கும் பணத்தைக் கொண்டு அந்தக் கடனை அடைத்திருக்கலாம் என்பதால், எதிர்காலத்தில் வரும் ஒவ்வொரு 10,00,000 ரூபாயையும் 12 விழுக்காட்டில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவார். முதலாண்டின் முடிவில் வரும் பத்து லட்சம் இன்றைக்கு ஏறத்தாழ 8.93 லட்சம், இரண்டாமாண்டினது 7.97, மூன்றாமாண்டினது 7.12, நான்காமாண்டினது 6.36, ஐந்தாமாண்டினது 5.67. கூட்டுத்தொகை 36.05 லட்சம். 40 லட்சத்தைக் கொடுத்து 36 லட்சத்தை வாங்குவது ஆகிறபடியால் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 3.95 லட்சம் நட்டம். கழிவு வீதம் எட்டு விழுக்காட்டுக்குச் சற்றே குறைவாக இருந்தால்தான் இந்த எந்திரம் போட்ட பணத்தைத் திருப்பித்தரும்.

ஏடுகளில் ஐந்து ஆண்டும் இலாபம் காட்டும் ஒரு முடிவு, நிதியியலின் கண்ணில் எடுக்கக்கூடாத முடிவாக இருப்பதற்குக் காரணம் கணக்கில் பிழை நேர்ந்தது அன்று. சொந்தப் பணத்துக்கு யாரும் வட்டி கேட்டுச் சீட்டு அனுப்புவதில்லை. நடக்காத கொடுக்கல் வாங்கலுக்கு ஏட்டில் இடமில்லை. அந்தப் பணத்தை வேறு வழியில் பயன்படுத்தியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பயனை வாய்ப்புச் செலவு என்பர். அது கணக்கியலின் எல்லைக்கு வெளியே நிற்பது, நிதியியலுக்கோ அதுவே மையம். எந்திரத்தைக் கடன் வாங்கியே வாங்கியிருந்தால் முதலாண்டு வட்டியே 4,80,000 ரூபாய் ஆகி, ஏடும் நட்டத்தையே காட்டியிருக்கும் என்பதைச் சேர்த்து நோக்கினால் வேறுபாடு இன்னும் கூர்மைப்படும்.

இவ்வளவில் நிறுத்திவிட்டு நிதியியலுக்கே வெற்றி என்று தீர்ப்பெழுதும் பாடநூல்கள் உண்டு. அவை விட்டுவிடுவது அந்த 10,00,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வியை. ஜாப் ஒர்க் பில்கள் ஆண்டுக்கு எவ்வளவு, அவற்றில் நூல் கழிவு எவ்வளவு, ஆபரேட்டர் கூலி ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு, மின்கட்டணத்தில் இந்த ஓர் எந்திரத்தின் பங்கு எவ்வளவு என்று அடக்கவிலைக் கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும் ஒருவர் சொன்னால் ஒழிய அந்த எண் வெறும் ஊகமே. ஊகமான எண்ணை நான்கு தசமத் தானம் வரை கழித்துக் கணக்கிடுவது துல்லியத்தின் தோற்றத்தைத் தருமே தவிர துல்லியத்தைத் தராது. விரிதாள் மென்பொருள் கைக்கு எளிதாகிவிட்ட காலத்தில் இந்த நோய் மாணவர்களிடம் மட்டுமன்றி ஆலோசனை நிறுவனங்களிடமும் காணப்படுகிறது.

கணக்கியலின் வேர் கணக்கு வைப்பதைவிடக் கணக்கு ஒப்புவிப்பதில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919ஆம், 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்வதற்கான விதிகளைச் சொல்லும்போது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர்களையும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களையும் விலக்கிவைக்கின்றன. பிறர் பொருளைக் கையாண்டவர் அதற்கு விடைசொல்லக் கடமைப்பட்டவர் என்பதும், அந்தக் கடமையில் தவறினால் குடும்பத்தையே அது தொடரும் என்பதும் அங்கே சட்டமாகின்றன. இரட்டைப்பதிவு முறை, அதாவது ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் மற்றொன்றில் வரவாகவும் ஈரிடத்தில் எழுதும் முறை, முழு வடிவில் காணக்கிடைக்கும் பழைய ஏடுகளில் ஒன்று 1340ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜெனோவா நகரக் கருவூல அதிகாரிகளின் ஏடு. அதுவும் நகரத்துக்கு ஒப்புவிக்க எழுதப்பட்டதே. வெனிஸ் வணிகர்கள் கையாண்ட அம்முறையை 1494இல் லூக்கா பச்சோலி என்னும் பிரான்சிஸ்கன் துறவி தம் கணித நூலின் ஒரு பகுதியாக அச்சேற்றியபோது, அதைக் கண்டுபிடித்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை. தமிழில் கணக்கு வழக்கு என்று இரண்டு சொற்களும் இணைந்தே வழங்குவது தற்செயலாக இருக்கலாம், பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நிதியியல் தனித்துறையாக நிமிர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுவில். அதற்கு முன் அது பெரும்பாலும் பங்குகள், கடன் பத்திரங்கள், நிறுவன இணைப்புகள் ஆகியவற்றை விவரித்துச் செல்லும் பாடமாகவே இருந்தது. 1952இல் ஹாரி மார்க்கோவிட்ஸ், பல முதலீடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பின் இடர் அதிலுள்ள ஒவ்வொன்றின் இடரையும் கூட்டினால் வருவது அன்று, அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா எதிரெதிராகச் செல்கின்றனவா என்பதைப் பொறுத்தது என்று கணித முறையில் காட்டினார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், இது பொருளியலே அன்று என்று பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் மறுத்துரைத்ததை மார்க்கோவிட்ஸ் தாமே பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். பட்டம் கிடைத்தது, 1990இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் மில்லர், ஷார்ப் இருவரோடு பகிர்ந்து கிடைத்தது. இடையில் 1958இல் மொடிலியானியும் மில்லரும் நிறுவனத்தின் மதிப்புக்கும் அதன் கடன் அளவுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார்கள். 1973இல் பிளாக், ஷோல்ஸ் இருவரின் விருப்ப ஒப்பந்த விலைச் சூத்திரம் வெளிவந்தது. ஆக, நிதியியல் என்று இன்று கல்லூரியில் கற்பிக்கப்படுவதன் முதுகெலும்பு நிகழ்தகவும் புள்ளியியலும் ஆகும். வணிகவியல் பிரிவின் நீட்சி என்று அதை நினைத்துச் சேரும் மாணவர் இரண்டாமாண்டில் திகைப்பது இதனால்தான்.

இரண்டும் ஒரே கையில் இருந்த காலமும் தமிழர் வணிக வரலாற்றில் உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் நிறுவனங்களில் ஒரு சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, எடுபிடி வேலையோடு ஏடெழுதவும் கற்று, அடுத்தாளாக உயர்ந்து, பின்னர் கடையையே நடத்தும் மேலாளாக மூன்றாண்டுக் கெடுவில் அனுப்பப்படுவான். குறிப்பிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுவதும், ஐந்தொகை எடுத்துச் செட்டிநாட்டு முதலாளிக்கு அனுப்புவதும் கணக்கியல். யாருக்கு எவ்வளவு கடன், எந்த நிலத்தின் மீது, எத்தனை தவணைக்கு என்று முடிவு செய்வது நிதியியல். ரங்கூனில் முகல் தெருக் கோவிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்த அந்தக் கூட்டம், கடைகள் தமக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு அடிப்படை வீதம் வகுத்தது. இன்று மைய வங்கிகள் செய்வதன் சிறு உருவம் அது. அங்கே யாரும் மேலாளிடம் எந்தப் பாடத்தில் சிறப்புப் பட்டம் என்று கேட்டதில்லை. ஆனால் வரிசைமுறை ஒன்று இருந்தது: ஏடெழுதிப் பழகாதவன் கையில் கடன் கொடுக்கும் உரிமை போனதில்லை. இங்கே முன்வைக்கப்படும் கருத்தும் அந்த வரிசைமுறையை ஒட்டியதே.

அதற்குச் சான்றாகப் பிற்காலத்து இரண்டு வீழ்ச்சிகளை அருகருகே வைக்கலாம். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் இராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், ஏட்டில் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாதது என்றும், சேர்ந்திருப்பதாகக் காட்டப்பட்ட 376 கோடி ரூபாய் வட்டியும் இல்லாதது என்றும் ஒப்புக்கொண்டார். வங்கி இருப்பைச் சரிபார்ப்பது பள்ளியில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்ற பெயரில் கற்பிக்கப்படுவது. தணிக்கையில் அதன் முதிர்ந்த வடிவம், இருப்பு எவ்வளவு என்பதை நிறுவனம் கொடுக்கும் தாளில் பார்க்காமல் வங்கியிடமிருந்தே நேராக எழுத்தில் பெறுவது. உலகின் பல நாடுகளுக்கு மென்பொருள் செய்து கொடுத்த ஒரு நிறுவனத்தின் மீதான நம்பிக்கை, கணக்கியலின் மிக எளிய சோதனை ஒன்று பல ஆண்டுகள் பலிக்காமல் போனதால் சரிந்தது. இருப்பாய்வு சமன்படுவதால் மட்டும் கணக்கு சரியாகிவிடாது என்று பதினொன்றாம் வகுப்புப் பாடநூல் சொல்வதை மாணவர்கள் இரண்டு மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்கிறார்கள். பொய்யான பற்றுக்கு இணையான பொய்யான வரவு இருந்தாலும் கூட்டுத்தொகை ஒன்றாகவே இருக்கும். ஆயினும் இங்கே நிதியியலாருக்கும் ஒரு பங்கு உண்டு. அத்தனை ரொக்கத்தை வைத்துக்கொண்டிருக்கும் நிறுவனம் ஏன் அதைப் பங்குதாரர்களுக்குக் கொடுக்கவோ தொழிலில் போடவோ இல்லை என்று கேட்கப் பகுப்பாய்வாளர்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

2018இல் தவணை தவறிய ஐ.எல்.&எஃப்.எஸ். குழுமத்தின் கதை வேறு. 90,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கடன் கொண்ட அக்குழுமம், சாலை, சுரங்கப்பாதை, மின்திட்டம் என்று இருபது முப்பது ஆண்டுகளில் பணம் திரும்பும் திட்டங்களுக்குச் சில மாதங்களில் திருப்பித்தர வேண்டிய குறுகியகாலப் பத்திரங்கள் மூலமும் பணம் திரட்டியிருந்தது. வரவேண்டியது நீண்ட காலத்திலும் கொடுக்கவேண்டியது குறுகிய காலத்திலும் இருக்கும் இந்த நிலையைச் சொத்து, பொறுப்புகளின் கால முரண் என்பர். பழைய கடனை அடைக்கப் புதிய கடன் கிடைக்கும்வரை அது வெளியே தெரியாது, ஒரு மாதம் கிடைக்காமல் போனால் எல்லாம் ஒருங்கே தெரியும். தவறுவதற்குச் சில மாதங்கள் முன்வரை அதற்கு மிக உயர்ந்த கடன் தரமதிப்பீடு இருந்தது. 2018 அக்டோபர் 1 அன்று நடுவண் அரசு அதன் இயக்குநர் குழுவை அகற்றிப் புதிய குழுவை அமர்த்தியது. அங்கும் கணக்குகள் பற்றிய குற்றச்சாட்டுகள் பின்னர் எழுந்தன. எனினும் நோயின் வேர் நிதித் திட்டமிடலில் இருந்தது. சத்யத்தின் பொய்யைப் பிடிக்கக் கணக்கியல் போதும், இங்கே கணக்கியல் மட்டும் போதாது. ஆனால் இந்தக் கால முரணைக் கண்டுபிடிக்க வேண்டிய நிதியியலார் கையில் வைத்துப் படித்திருக்க வேண்டிய தாளும், கடன்கள் எந்தெந்தக் காலத்தில் முதிர்கின்றன என்று கணக்கர் எழுதிவைத்த இருப்புநிலைக் குறிப்பின் பின்னிணைப்புத்தான்.

தொழில் அமைப்பைப் பொறுத்தவரை இந்தியாவில் இவ்விரு துறைகளும் முற்றிலும் வேறான நிலையில் உள்ளன. 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்கர்கள் சட்டம் அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்து, அதன்படி அமைந்த நிறுவகம் நடத்தும் சி.ஏ. தேர்வுகளில் தேறித் தொழில்புரியச் சான்று பெற்றவர் மட்டுமே நிறுவனங்களின் கணக்குகளைச் சட்டப்படி தணிக்கை செய்து கையொப்பமிட முடியும் என்ற நிலை உறுதியாயிற்று. அதற்கு முன்பிருந்த அரசுக் கணக்கியல் பட்டயத்தை 1933இல் பெற்று, நாட்டின் முதல் பெண் தணிக்கையாளர் எனப் பெயர்பெற்றவர் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். இந்தக் கையொப்ப உரிமை பட்டப் படிப்பால் வருவதன்று. எந்தக் கல்லூரியின் பி.காம்., எந்தச் சிறப்புப் பாடம் என்பது சி.ஏ. தேர்வு எழுதுவோருக்கு ஏறத்தாழப் பொருட்டில்லை. ஆர்ட்டிகிள்ஷிப் எனப்படும் பயிற்சிக் காலம் 2023இல் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைக்கப்பட்ட பிறகும், பகலில் ஆடிட்டர் அலுவலகத்துக்கும் மாலையில் கல்லூரிக்குமாக ஓடும் மாணவர்கள் குறையவில்லை. நிதியியலுக்கு இப்படி ஒற்றை வாயில் கிடையாது. பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியமான செபி, முதலீட்டு ஆலோசகர்களுக்கு 2013இலும் ஆய்வுப் பகுப்பாய்வாளர்களுக்கு 2014இலும் விதிமுறைகள் வகுத்துப் பதிவைக் கட்டாயமாக்கியது. மற்றபடி வங்கியின் கடன் பிரிவிலோ நிறுவனத்தின் கருவூலப் பிரிவிலோ சேருவதற்குச் சட்டம் ஒரு பட்டத்தைக் குறித்துச் சொல்வதில்லை. வாயிலில்லாத இடத்தில் நுழைவது எளிது போலத் தோன்றினாலும், அங்கே கல்லூரியின் பெயரும் மேற்படிப்பும் அறிமுகங்களும் வாயிலின் வேலையைச் செய்கின்றன. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் சிற்றூர் மாணவருக்கு, எண்ணிட்ட விடைத்தாளால் திறக்கப்படும் வாயிலே நியாயமான வாயில் என்று கூறுவது மிகையாகாது.

பாடத்திட்டங்களைப் பிரித்துப் பார்த்தாலும் பிரிவு அவ்வளவு கறாராக இல்லை. சி.ஏ. இடைநிலைத் தேர்வில் நிதி மேலாண்மையும் இறுதித் தேர்வில் உயர்நிலை நிதி மேலாண்மையும் உண்டு. நிதித்துறையினர் பெரிதும் மதிக்கும் சி.எஃப்.ஏ. தேர்வில் நிதியறிக்கைப் பகுப்பாய்வு கனமான பகுதி. கணக்கியல் படித்தவர் நிதியைத் தொடாமல் தேற முடியாது, நிதி படித்தவர் கணக்கறிக்கையைப் படிக்காமல் தேற முடியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இரண்டும் தனித்தனிச் சிறப்புப் பாடங்களாக நிற்பதைப் பார்த்து இங்கும் அப்படியே பிரிந்திருப்பதாக எண்ணும் பெற்றோர், கணக்கியலும் நிதியும் என்ற தலைப்பில் நடக்கும் பி.காம். படிப்பின் தாள்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது பயன்தரும்: தலைப்பில் சரிபாதியாக இருக்கும் நிதி, தாள்களின் எண்ணிக்கையில் பல கல்லூரிகளில் சரிபாதியாக இருப்பதில்லை.

கணினி கணக்கரின் வேலையைத் தின்றுவிடும், ஆகவே நிதியியலே பாதுகாப்பு என்ற வாதம் இப்போது எங்கும் கேட்கிறது. டேலி போன்ற கணக்கு மென்பொருளில் பில்லை ஏற்றினால் பேரேடும் இருப்பாய்வும் தாமே உருவாகின்றன. 2017 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சரக்கு, சேவை வரியில் விற்றவர் ஏற்றிய பில் வாங்கியவர் பக்கத்தில் தானே தோன்றுகிறது. பதிவு வேலை குறைந்தது உண்மை. குறைந்தது கணக்குப்பதிவு, கணக்கியல் கூடியிருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், எந்தப் பதிவை எப்போது யார் திருத்தினார் என்ற தடம் அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தடத்தைப் படித்து, மார்ச் 31 இரவில் திருத்தப்பட்ட ஒரு விற்பனைப் பதிவு ஏன் திருத்தப்பட்டது என்று கேட்பதற்கு ஆள் வேண்டும். கணினியின் வேகம் நிதியியலையும் விட்டுவைக்கவில்லை: கழிவு வீதக் கணக்கும் தொகுப்பு இடர்க் கணக்கும் பதிவு வேலையைவிட எளிதில் மென்பொருளுக்குள் அடங்குபவை.

மாணவரின் மனப்போக்கு எந்தப் பக்கம் என்று அறிவதற்கு ஏலச்சீட்டு நல்ல உரைகல். இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. ஒரு மாதம் ஒருவர் 25,000 ரூபாய் தள்ளி 75,000 ரூபாய்க்கு எடுக்கிறார். சீட்டு நடத்துபவரின் கழிவு 5,000 போக மீதி 20,000 ரூபாய் இருபது பேருக்கும் ஆயிரம் ஆயிரமாகப் பிரிவதால் அம்மாதம் ஒவ்வொருவரும் கட்டுவது 4,000. வரவு 80,000, கொடுத்தது 75,000, கழிவு 5,000. இது சரியாக இருக்கிறதா, எடுத்தவர் எத்தனை பேர், எடுக்காதவர் எத்தனை பேர், யார் பாக்கி என்று நோட்டைப் புரட்டிப் பார்த்தால்தான் ஒருவருக்கு நிம்மதி. எடுத்தவர் மெய்யாகக் கட்டும் வட்டி எத்தனை விழுக்காடு என்பது மற்றொருவரின் கேள்வி. அந்தக் கேள்விக்கு இன்று விடை இல்லை. இனி வரும் மாதங்களில் மற்றவர்கள் எவ்வளவு தள்ளுவார்கள் என்பதைப் பொறுத்தே அவர் கட்டப்போகும் தவணைகள் அமையும் என்பதால் இருபதாம் மாதம் முடிந்த பிறகே வீதம் தெரியும், முடிவையோ இன்றே எடுத்தாக வேண்டும். மகள் திருமணம் தையில், பள்ளிக் கட்டணம் ஜூனில், கடைசிவரை தள்ளாமல் இருந்தால் நடத்துபவரின் கழிவு போக முழுத்தொகை என்று மனத்துக்குள் எடைபோட்டு ஏலம் கேட்கும் குடும்பப் பெண்கள் சூத்திரம் அறியாமல் செய்வது நிதியியலே. விடை தெரியாமல் முடிவெடுப்பதில் பதற்றம் கொள்ளாதவருக்கு நிதியியல் ஒத்துவரும். ஒரு ரூபாய் உதைத்தாலும் தூக்கம் வராதவருக்குக் கணக்கியல் ஒத்துவரும். ஆனால் அந்த ஒரு ரூபாயோடு நின்றுவிடாமல் ஏன் உதைக்கிறது என்று தேடும் குணமும் அவருக்கு வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, இளநிலைப் பட்டத்தில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் பெரும்பாலான வணிகவியல் பிரிவு மாணவர்களுக்குக் கணக்கியலே தக்கது, நிதியியல் அதன்மேல் ஏறவேண்டிய அடுத்த தளம் என்பது இங்கே கொள்ளப்படும் முடிவு. பதினேழு வயதில் கணக்கியலைக் கற்பது கடினமன்று. முப்பது வயதில், மேலாளர் பதவியில் இருந்துகொண்டு, பற்று எது வரவு எது என்று கீழ்நிலை ஊழியரிடம் கேட்டுக் கற்பது கடினம். நிதியியலின் நிலை இதற்கு மாறானது. தொழில் அனுபவத்தில் நாலு வாராக்கடனைப் பார்த்தபின் அதன் கோட்பாடுகள் நன்றாக விளங்கும். இம்முடிவுக்கு விலக்கு ஒன்று உண்டு. வணிகக் கணிதமோ கணிதமோ படித்து, நிகழ்தகவில் மனம் செல்லும் மாணவர், பி.காம். நிதியியலைவிடப் புள்ளியியலிலோ கணிதத்திலோ பட்டம் பெற்று நிதித்துறைக்கு வருவது நல்லது. அத்துறையின் உயர்படிகளில் தேவைப்படுவது அந்தக் கருவிதான். மேல்நிலையில் கணிதமே இல்லாத பிரிவை எடுத்துவிட்டு நிதியியல் பட்டத்தில் சேருபவர், சேரும் கல்லூரியில் புள்ளியியல் எந்தப் பருவத்தில் வருகிறது, யார் நடத்துகிறார் என்று விசாரித்துக்கொண்டு சேர வேண்டும்.

தேர்வு தவறிப்போனாலும் திரும்ப வழியுண்டு, இரு பக்கமும் சுங்கம் மட்டும் வேறு. கணக்கியல் பட்டதாரி எம்.பி.ஏ. நிதிப் பிரிவுக்கோ சி.எஃப்.ஏ. தேர்வுக்கோ போகும்போது பழைய படிப்பு முழுவதும் கணக்கில் சேர்கிறது. கூடுதலாகக் கற்க வேண்டியது புள்ளியியல். நிதியியலில் பி.காம். முடித்தவர் சி.ஏ. பக்கம் திரும்ப விரும்பினால், 55 விழுக்காடு மதிப்பெண் இருந்தால் அடிப்படைத் தேர்வு எழுதாமலே இடைநிலையில் சேரலாம். வணிகவியல் அல்லாத பட்டதாரிகளுக்கு அந்த அளவு 60. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு அடிப்படைத் தேர்வுக்கு அமர்ந்த அவருடைய வகுப்புத் தோழர், அதற்குள் இடைநிலையைத் தாண்டி ஆர்ட்டிகிள்ஷிப்பில் பாதியைக் கடந்திருக்கக்கூடும்.